ல மேர்

மகன் செத்துப் பதினொரு மாசம் ஆகியும் ஞானமேரி அழவில்லை என்பது உழவர்கரையில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. அடுத்த வீட்டு ராஜாம்பாள் முதல் மாசம் "பாவம், அதிர்ச்சி" என்றாள். மூன்றாம் மாசம் "நெஞ்சழுத்தக்காரி" என்றாள். அப்புறம் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் அகப்படாமல் விட்டுவிட்டாள். ஞானமேரிக்கு அதில் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? எழுந்தாள், சமைத்தாள், சாயங்காலம் ஜெபமாலை சொன்னாள், படுத்தாள். கரண்ட் போன வீட்டில் சுவிட்சைத் தட்டிப் பார்ப்பதுபோல அவ்வப்போது மகன் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள். ஒன்றும் எரியாது.

ஜோசப் ஆனந்த் பிரான்சில், லியோன் நகரத்தில் இருந்தான். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை விடிகாலை, வேலைக்குப் போகிறபோது பனியில் சைக்கிள் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டான். அடக்கம் ஆறாம் நாள். அம்மா அப்பாவுக்கு விசா வந்தது ஒன்பதாம் நாள். போனில் காட்டினார்கள். பெட்டி மூடியிருந்தது. ஞானமேரியின் புருஷன் சகாயநாதன், மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கம்பத்தில் ஏறி இறங்கிய அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். ஞானமேரி போன் ஆடாமல் பிடித்துக்கொண்டாள். குழியில் ஒரு பிடி மண் போடக்கூட அவள் கை அங்கே இல்லை.

வருஷப் பூசைக்கு மருமகள் வந்தாள். பெயர் லுவாம். எரித்ரியா நாட்டுக்காரி. அஸ்மாராவில் பிறந்து, பாலைவனமும் கடலும் தாண்டி பிரான்சுக்கு வந்து, ஒரு ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். ரொட்டி வாங்கப் போன ஜோசப் ஆனந்த் ரொட்டிக்காரியையே கட்டிக்கொண்டான் என்று சகாயநாதன் ஒரு காலத்தில் தமாஷாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்தை இவர்கள் பார்த்ததும் போனில்தான். நாலு வருஷமாக விரல் அளவுக்குத் தெரிந்த முகம் இப்போது ஆள் உயரத்துக்கு வாசலில் வந்து நின்றது.

லுவாமுக்குத் தமிழ் தெரியாது. ஞானமேரியிடம் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பத்தாவது வரைக்கும் படித்த பிரெஞ்சு இருந்தது. நாற்பது வருஷம் பெட்டியில் கிடந்த பட்டுப்புடவை மாதிரி அது மடிப்புக்கு மடிப்பு விட்டுப்போயிருந்தது. சகாயநாதனுக்கு வணக்கம் சொல்கிற 'போன்ழூர்' மட்டும். ஆக, வீட்டில் பேச்சு பாதி காதில் விழுந்தது, பாதி ஊகம்.

முதல் நாள் சாப்பாட்டுக்கு ஞானமேரி மூன்று தட்டு வைத்தாள். லுவாம் இரண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அவர்கள் ஊரில் வீட்டுக்கு ஒரே தட்டு. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும், தனித்தனித் தட்டில் சாப்பிடுகிறவர்கள் சண்டை போட்டவர்கள். போதாதற்கு, தோசையில் ஒரு துண்டு பிய்த்து, மீன் குழம்பில் தோய்த்து, மாமனார் வாயருகே கொண்டுபோய் நீட்டினாள். அதுவும் அவர்கள் வழக்கம்தான், அன்பாக ஊட்டுவது. சகாயநாதன் எச்சில் பார்க்கிற மனுஷன். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார், மாத்திரை விழுங்குகிறவர் மாதிரி விழுங்கினார்.

சாப்பிட்ட கையோடு லுவாம் பெட்டியைத் திறந்தாள். கேழ்வரகைவிடப் பொடியான அவர்கள் ஊர்த் தானியத்தின் மாவு, செக்கச்செவேல் என்று ஒரு மிளகாய்ப்பொடி, கறுப்பு மண் கூஜா ஒன்று, துண்டில் மூன்று சுற்றுச் சுற்றிய கண்ணாடி பாட்டில். பாட்டிலில் இருந்த கூழைப் பேசினில் ஊற்றி, மாவும் தண்ணீரும் சேர்த்துக் கையாலேயே கரைத்து, துணி போட்டு மூடினாள். அதில் 'தைத்தா' சுடுவாளாம். நம் தோசை மாதிரிதான், ஒரு முறம் அகலத்துக்கு.

"பூசை முடிந்த மத்தியானம் உங்கள் இருவர் முன்னாலும் ஒரு தட்டு வைக்க வேண்டும்," என்றாள் லுவாம். "அதற்காகத்தான் வந்தேன். வேறு எதற்கும் இல்லை."

ஞானமேரிக்கு இது புரிந்தது. மகன் சாப்பிட்ட சாப்பாடு, மகன் பொண்டாட்டி கை, அவன் செத்த தேதி. அந்தத் தட்டைப் பார்த்தால் தனக்கு அழுகை வந்துவிடும் என்று அவளுக்கு எப்படியோ ஒரு நம்பிக்கை விழுந்தது. இத்தனை மாசத்தில் அவள் எதிர்பார்த்த முதல் விஷயம் அது. விரல் விட்டு எண்ணினாள். ஐந்து நாள் இருந்தது.

லுவாம் கை கழுவிக்கொண்டே சமையற்கட்டுப் பக்கம் காட்டி, சகாயநாதனிடம் கண்டிப்பாக ஏதோ சொன்னாள். பேசினுக்குப் பக்கத்தில் ஞானமேரி நின்றுகொண்டிருந்தாள்.

"ல மேர் நாலு நாள் அமைதியாக இருக்க வேண்டும். யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. உயிர் இருக்கிறது, ஆனால் ரொம்பக் களைத்துவிட்டாள்."

மேர் என்றால் அம்மா. பள்ளியில் தலைமைக் கன்னியாஸ்திரீயைக்கூட 'மா மேர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வார்த்தை ஞானமேரிக்கு ஏழு ஜென்மத்துக்கும் மறக்காது. நேரில் செல்லமாக 'மமான்' என்கிறவள் மாமனாரிடம் மரியாதைக்கு அப்படிச் சொல்கிறாள் போல என்று எடுத்துக்கொண்டாள்.

"இன்னா சொல்லுது பொண்ணு?" என்று கேட்டார் சகாயநாதன்.

"என்னைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லுது. ரொம்பக் களைச்சிட்டேனாம். நாலு நாளு அக்கடான்னு உடணுமாம்."

"நான் எங்கடி தொந்தரவு பண்றேன்?" என்றார் அவர். ஆனாலும் மறுநாள் தன் டீயைத் தானே போட்டுக்கொண்டார்.

ஞானமேரிக்கு நெஞ்சு இளகியது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் ராஜாம்பாள் உட்பட யாரும், அம்மாக்காரி களைத்துப்போயிருப்பாள் என்று சொன்னதில்லை. லுவாம் தினமும் காலையில் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ல மேர் நன்றாக இருக்கிறாள்" என்பாள். ஞானமேரி அடுப்படியிலிருந்து நன்றியாக "மெர்சி" என்பாள். இப்படியே மூன்று நாள் ஓடியது.

நாலாம் நாள் விடிந்தபோது சமையற்கட்டில் நாற்றம் தாங்கவில்லை. ஞானமேரி துணியைத் தூக்கிப் பார்த்தாள். மேலே கறுத்த தண்ணீர் நின்றது, அடியில் புண் மாதிரி ஓட்டை ஓட்டையாக மாவு. இரண்டு நாள் மாவு ஊத்தப்பத்துக்கு, நாலு நாள் மாவு சாக்கடைக்கு என்பது அந்தத் தெருவில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுகிற கணக்கு. பாவம், குளிர் ஊரில் இருந்தவள், நம்ம ஊர்ச் சூட்டுக்கு எல்லாம் கெட்டுப்போயிற்று. எழுந்து பார்த்தால் சங்கடப்படுவாள். தன்னைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்கிற பெண்ணை நாளைக்கு வருஷ நாளில் தலைகுனிய விடக் கூடாது. பூசை முடிந்து சுடுவதற்கு வீட்டு இட்லி மாவையே கொடுத்துவிடலாம்.

பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் மாவை ஊற்றினாள். இரண்டு வாளி தண்ணீர் விட்டாள். பேசினைத் தேய்த்தாள். ஜன்னலில் இருந்த பாட்டிலின் அடியிலும் கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதையும் சோப்புத்தூள் போட்டு, குச்சி விட்டுச் சுரண்டிக் கழுவிக் கவிழ்த்தாள். அவளிடம் அரைகுறை வேலை கிடையாது.

லுவாம் எழுந்து வந்தாள். பேசின் இருந்த மூலையைப் பார்த்தாள்.

"ல மேர்?"

"இதோ இருக்கேன்," என்றாள் ஞானமேரி, பிரெஞ்சில், சரியாகவே.

லுவாம் கவிழ்த்து வைத்த பேசினைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். பின்பக்கம் போய் ஈரத் தரையைப் பார்த்துவிட்டு வந்தாள். அப்படியே சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ல மேர் செத்துவிட்டாள்," என்றாள்.

ஞானமேரி ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தாள். மறுக்க ஒன்றும் இல்லை. இத்தனை பேர் வந்து இத்தனை ஆறுதல் சொல்லியும் ஒருத்தர் வாயிலும் வராத உண்மை.

"வுய்," என்று ஆமோதித்தாள். "ஒரு வருஷம் ஆச்சு."

லுவாம் தலை நிமிர்ந்தாள். மாமியார் முகத்தையே வெகு நேரம் பார்த்தாள். எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. எழுந்து வந்து ஞானமேரியின் கையைப் பிடித்துக் காலிப் பேசினுக்குள் வைத்து, "இது. இதுதான் மேர்" என்றாள். புது மாவைப் புளிக்க வைக்க எடுத்து வைக்கிற பழைய மாவுக்கு அவள் வேலை பார்த்த ரொட்டிக்கடையில் அந்தப் பெயர். அதற்கு உயிர் உண்டு, பசி உண்டு, களைப்பு உண்டு என்றுதான் ரொட்டிக்காரர்கள் பேசுவார்கள். கறுத்த தண்ணீரை வடித்துவிட்டால் மாவு சுடுகிற பக்குவம், அவ்வளவுதான்.

மீதியையும் சொன்னாள். அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாவு கரைக்கிறது ஜோசப் வேலை. சாவதற்கு முந்தின நாளும் கரைத்து மூடி வைத்திருந்தான். அந்த மாவில் ஒரு கிண்ணம் எடுத்து அடுத்த மாவு, அதில் ஒரு கிண்ணம் எடுத்து அதற்கடுத்தது என்று ஐம்பத்தோரு வாரம் சாகவிடாமல் வைத்திருந்தாள். "உங்கள் பிள்ளை கையால் சாப்பிடுங்கள் என்று சொல்லி வைக்க வந்தேன்," என்றாள்.

ஞானமேரி மொழிபெயர்த்துச் சொன்னதும் சகாயநாதன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "கொஞ்சம் அங்கயே எடுத்து வெச்சுட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் செத்துவிடும், அதனால் முழுசையும் கொண்டுவந்தேன் என்றாள் லுவாம்.

பிள்ளை கையால் என்றால் என்ன என்று ஞானமேரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கரண்டியால் கலக்கினால் மாவு பொங்காது, கை போட்டுத்தான் கரைக்க வேண்டும். ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஆனால் ராஜாம்பாள் கைக்கு ஒரு மாதிரி புளிக்கும், இவள் கைக்கு ஒரு மாதிரி. தான் எதைச் சாக்கடையில் ஊற்றினோம் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. இதற்கு வராத அழுகை வேறு எதற்கு வரும்? காத்திருந்தாள். வரவில்லை. தன்னைப் பார்த்துத் தனக்கே பயமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோ," என்றாள். லுவாம் பாட்டிலை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்திருக்கும்.

மறுநாள் கோயிலில் பூசை நடந்தது. வீட்டுக்கு வந்து லுவாம் அந்தச் செக்கச்செவேல் பொடியைப் போட்டு ஆட்டுக்கறி சமைத்தாள். ஞானமேரி இட்லி மாவைத் தண்ணீர் விட்டு இளக்கி, பெரிய பெரிய தோசையாக ஊற்றினாள். ஒரே தட்டில் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். சகாயநாதன் எச்சில் பார்க்கவில்லை. பிள்ளை கையால் என்று யாரும் சொல்லவில்லை. கறியின் காரத்தில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஞானமேரிக்கும் வந்தது. அது காரத்துக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அப்புறம் காப்பி. லுவாம் பச்சைக் கொட்டையை வாணலியில் கறுக்க வறுத்து, புகையோடு ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவந்து நீட்டினாள். கையால் வாரி முகர வேண்டும். சாம்பிராணி போட்டாள். இடித்த பொடியை மண் கூஜாவில் கொதிக்க வைத்து, காது இல்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றினாள். அதே பொடியில் திரும்பத் தண்ணீர் விட்டு மூன்று தரம். முதல் சுற்று கசப்பு, இரண்டாவது சுமார், மூன்றாவது வெறும் வாசனை. ஆனால் மூன்றாவதுக்குத்தான் ஆசீர்வாதம் என்று பெயர். அதைக் குடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது, வீட்டுப் பெரியவர்கள் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். லுவாம் மூன்றாவது கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு ஞானமேரி முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

ஞானமேரி உள்ளே துழாவினாள். சொல்வதற்கு ஒரு வார்த்தை இல்லை. நேற்றிலிருந்து மனசில் மாட்டிக்கொண்டிருந்த ஒன்றுதான் கைக்கு வந்தது.

"அவனா கரைச்சான்?" என்று கேட்டாள். "அவனுக்குத் தண்ணிகூட மொண்டு குடிக்கத் தெரியாது. நான் உட்டதில்ல."

லுவாம் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள். "கட்டி கட்டியாகத்தான் கரைப்பான். நான் திட்டுவேன். முழங்கை வரைக்கும் மாவு."

"யார்கிட்ட கத்துக்கிட்டான்?"

"உங்களிடம்தான். முதல் நாள் மாவில் கை வைத்தபோது சொன்னான். சின்ன வயசில் நீங்கள் மாவு கரைக்கும்போதெல்லாம் சமையற்கட்டு வாசலில் வந்து நிற்பானாம். நானும் கரைக்கிறேன் என்று கேட்க ஆசையாம். கேட்டதே இல்லையாம்."

ஞானமேரிக்கு அந்த வாசற்படி நன்றாகத் தெரியும். நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் மேல் ஒரு கால் வைத்து நிற்பான். தினமும் நிற்பான். இவள் மாவுக் கையோடு திரும்பிப் பார்த்து, "பசிக்குதாடா?" என்பாள். "ம்" என்பான். போய் உட்காரு என்பாள். கொண்டுபோய்க் கொடுப்பாள். அவனும் சாப்பிடுவான். எத்தனை வருஷம்! அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள், வைத்த கை தரையிலேயே இருந்தது.

"இன்னாடி சொல்லுது?" என்றார் சகாயநாதன்.

"புள்ளைக்கு..." என்றாள் ஞானமேரி. "அப்பல்லாம் புள்ளைக்குப் பசியே இல்லையாம்ங்க."

கடைசி வார்த்தைக்குக் குரல் வரவில்லை.