புல்லுக்கு வந்த விலை

விலைமதிக்க முடியாத அந்த ஓவியத்தின் விலை நானூறு. சட்டம், கண்ணாடி உட்பட. விலை சொன்னவரும் வரைந்தவரும் ஒரே ஆள்தான்: பிரேம் கடைக்காரர்.

வெறும் சட்டத்தை மாட்டி வைத்தால் நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று, அளவு குறிக்கும் பென்சிலால் ஒரு புல்லை வரைந்து உள்ளே செருகியிருந்தார். அதன் நுனி வளைந்திருந்தது. கலை ஒன்றுமில்லை, நேராக இழுத்தால் சட்டத்துக்குள் அடங்கவில்லை. முப்பது வருஷமாக, படத்துக்கு விலை சொல்லும் ஓவியர்களிடம், "காகிதம் அஞ்சு, மை பத்து, மிச்சமெல்லாம் வாய்தானே?" என்று கேட்ட மனிதரின் முதல் படைப்பு அது.

சட்டம் வாங்க வந்த பல் டாக்டர் புல்லின் முன்னால் நின்றுவிட்டார்.

"இப்பதான் ஒரு பூச்சி பறந்து போயிருக்கு, இல்ல? புல்லு இன்னும் நிமிரல. என்ன விலைங்க?"

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அட, ஆமாம்! மூன்று மாதமாகத் தினமும் துடைத்த கண்ணாடிக்குப் பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது, வரைந்தவனுக்கே தகவல் இல்லை. சட்டென்று கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் 'விற்பனைக்கு இல்லை' என்ற வார்த்தை அவர் பரம்பரையில் யார் வாயிலும் வந்ததில்லை. தெரிந்த ஒரே வழி, யானை விலை குதிரை விலை சொல்லி ஆளை விரட்டுவது. எண்பதுக்குப் போகிற சட்டம் அது.

"நானூறு."

டாக்டர் பணத்தை எண்ணி வைத்தார். "கட்டிக் குடுங்க."

"சார்... கொஞ்சம் குறைச்சுக் கேக்க மாட்டீங்களா?"

"கலைக்கு எப்படிங்க பேரம் பேசறது?"

முப்பது வருஷத்து ஓவியர்களும் வாசலில் வரிசைகட்டிக் கைதட்டியதுபோல் இருந்தது. சொன்ன சொல்லை மாற்றினால் வியாபாரியில்லை. கட்டிக் கொடுத்தார்.

நடந்ததைக் கேட்ட மனைவி சிரித்தாள். "இதுக்கா எழவு வீட்டு முகம்? இன்னொண்ணு வரைங்க. புல்லுதானே!"

வரைந்தார். ஒன்று தூண்டில் முள்ளாக வந்தது. ஒன்று குடைக் கைப்பிடி. மற்றொன்றைப் பல் டாக்டரே தன் கருவியென்று எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "பூச்சி போயிடுச்சா?"

"வந்தாத்தானேடி போறதுக்கு!"

கடையடைக்குமுன் கணக்கெழுதினார். வரவு: நானூறு. செலவு: காகிதம் பதினொன்று, பென்சில் ஒன்று, ரப்பர் பாதி. பாக்கி: புல் ஒன்று.