மூன்றாவது ஆப்பு

தம்பி வீட்டு ஸ்டோர் ரூமில் பல வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த இழைப்பு மெஷினை அண்ணன் தன் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். பலகையை அதன் மேல் வைத்துத் தள்ளினால் போதும். அடியில் சுழலும் கத்திகள் கோணல்மாணலைச் சீவி, விளிம்பை நூல் பிடித்தது போல நேராக்கித் தரும். சித்தப்பா விட்டுப்போன சாமான் அது. "எனக்கு எதுக்குண்ணே? இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது. நீங்களாவது ஓட வைங்க" என்று தம்பியே வேனில் ஏற்றி வந்து இறக்கினான். எப்போதோ கழற்றி வைத்திருந்த சில்லறை உறுப்புகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கையில் கொடுத்தான்.

அண்ணன் மின்சார மீட்டர் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். திருகாணியைக்கூடத் துடைத்துத்தான் வைப்பார். கோபம்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. குரல் உயர்ந்தால், "மீட்டர் ஓட ஆரம்பிச்சிடுச்சு" என்று மனைவி அடுப்படியிலிருந்தே சொல்வாள்.

வந்த அன்றே வேலையில் இறங்கினார். மேல்தட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி உப்புத்தாளால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கச் செங்காவி நிறம் போய் இரும்பின் சாம்பல் நிறம் தெரிந்தது. இடையில் கண் ஆபரேஷன் வந்தது. தூசிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கொட்டகை சில வாரம் பூட்டியே கிடந்தது. பிறகு திரும்பப் போய், பேரிங் மாற்றி, புது பெல்ட் போட்டு, கத்திகளையும் சாணை பிடித்து வாங்கி வந்தார்.

கத்திகள் மூன்று. ஒவ்வொன்றையும் உருளையின் பள்ளத்தில் இறுக்கிப் பிடிக்க ஒரு சாண் நீள இரும்பு ஆப்பு உண்டு. மாட்டப் போனபோது டின்னில் இரண்டு ஆப்புதான் இருந்தது. டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். கொட்டகையைப் பெருக்கிப் பார்த்தார். அந்தப் பழைய மாடலுக்கு எந்தக் கடையிலும் சாமான் கிடைக்காது. மூன்றாவது எங்கே போயிருக்கும் என்று யோசித்தவர், தம்பி வீட்டிலேயே அது தொலைந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் சாப்பாடு. புதிதாகக் கல்யாணமான தம்பி மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணன் ஆரம்பித்தார்.

"டேய், மூணாவது ஆப்பு எங்கடா?"

"டின்லதானே இருந்துச்சு?"

"டின்ல ரெண்டுதான் இருக்கு. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டியா?"

"இல்லண்ணே."

"அப்ப கால் முளைச்சு நடந்து போயிடுச்சா? சின்ன வயசுலேருந்தே உனக்கு இந்தக் கைதானே! ஒரு சாமான் வச்ச எடத்துல இருக்காது."

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். தம்பியின் முகம் சுண்டிப்போனது. "நல்லா தேடிப் பாருங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் எடுத்து வருவதாக எழுந்து போனான். தண்ணீரைக் கொண்டுவந்தது அவன் மனைவிதான்.

அடுத்த வாரம் மெஷினின் காலுக்குப் பெயின்ட் அடிக்க நினைத்த அண்ணன், கொட்டகைப் பரணில் பெயின்ட் டப்பாக்களை நகர்த்தினார். பின்னால் ஒரு ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. திறந்ததும் புளித்த நெடி மூக்கில் ஏறியது. கறுத்த தண்ணீருக்குள் மூன்றாவது ஆப்பு கிடந்தது.

எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. வினிகரில் ஊறப்போட்டால் துரு போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று அவர்தான் வைத்தார். ஆபரேஷனுக்கு முந்தின வாரம். இப்போது எடுத்துத் துடைத்துப் பார்த்தார். ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி அரித்துப் போயிருந்தது. இனி எதற்கும் உதவாது.

காது மடல் சுட்டது. யாரும் இல்லை என்று தெரிந்தும் வாசலைத் திரும்பிப் பார்த்தார். டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே தள்ளி வைத்தார். லேத்தில் புதிதாக ஒன்று செய்துகொண்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தார்.

முடியவில்லை. ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போது மனைவி சொன்னாள். "பழைய இரும்புக்குப் போட்டிருந்தா போட்டுட்டுப் போறாரு. உங்க தம்பிதானே, மன்னிச்சு விடுங்க."

"அவன் எடுக்கலடி" என்றார். டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார்.

அவள் திட்டவில்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நானும் நாலு பேர்கிட்ட சொல்லிட்டேனேங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். பையிலிருந்து ஆப்பை எடுத்து நீட்டினார். "எங்கிட்டயேதான் இருந்துச்சுடா. நானேதான் ஊறப்போட்டு மறந்துட்டேன். வாய் தவறிப் பேசிட்டேன்."

தம்பி அதைக் கையில் வாங்கவில்லை. குழாயை மூடினான்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்ணே. இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

அன்று அந்தப் பேச்சைக் கேட்ட மாப்பிள்ளையின் வீடு ஊரின் மறு கோடியில் இருந்தது. பஸ்ஸில் போகும்போது, பாதியிலேயே இறங்கிவிடலாமா என்று அண்ணனுக்கு இரண்டு முறை தோன்றியது. இந்த வயதில், பிள்ளை வயதுள்ள ஒருவன் முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறதே என்று மனசு குமைந்தது.

மாப்பிள்ளை மரியாதையாக நாற்காலி போட்டான். அண்ணன் உட்காராமலே சொல்லி முடித்தார்.

"அட, அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று சிரித்தான் மாப்பிள்ளை. "விடுங்க பெரிய மாமா. மாமா எடுத்திருந்தாலும்தான் என்ன இப்போ? வீட்டுக்கு வீடு நடக்குறதுதானே."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அண்ணனுக்குத்தான் செருப்பால் அடித்தது போல இருந்தது. இவன் அன்றைக்கே நம்பிவிட்டிருக்கிறான்.

"எடுக்கல, மாப்பிள்ளை. எடுத்திருந்தாங்கிற பேச்சே வேண்டாம். அவன் அடுத்தவன் பொருளைத் தொட்டதே கிடையாது. வீண்பழி போட்டது நான்தான்."

உள்ளேயிருந்து தம்பி மகள் வந்து கதவோரம் நின்றாள். "அன்னையிலேருந்து அப்பா இங்க வரவே இல்ல பெரியப்பா. கூப்பிட்டா வேலை இருக்குன்னு சொல்லிடறாரு." அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மாப்பிள்ளை சிரிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"இப்பவே போய் நாம கூட்டிட்டு வந்துடலாம்" என்று சட்டையை மாட்டினான்.

லேத்துக்காரர் புது ஆப்பு செய்து கொடுத்தார். மெஷின் ஓடியது. மகள் வீட்டுக் கதவு அடியில் உரசுகிறது என்று தம்பி ஒருநாள் அதைக் கழற்றித் தூக்கி வந்தான். அண்ணன் இந்தப் பக்கமிருந்து தள்ள, தம்பி அந்தப் பக்கமிருந்து பிடிக்க, ஓரம் வழுவழுவென்று வந்தது. இரண்டு பேரும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"கதவை மாட்டணும்ல, இந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டுப் போடா" என்றார் அண்ணன்.

"வேண்டாம்ணே. போற வழியில ஒண்ணு வாங்கிக்கிறேன்."

சாதாரணமாகத்தான் சொன்னான். கதவை வேனில் ஏற்றிக் கட்டினான், காபி குடித்தான், சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனான். அதன் பிறகும் எத்தனையோ தடவை வந்துவிட்டான். அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு ஆணியைக்கூட அவன் எடுத்துப் போனதில்லை. அண்ணனும் "எடுத்துட்டுப் போடா" என்று சொல்வதை நிறுத்தவில்லை.