ஒச்சாண்டி கொடுக்காத புகார்

காவல் நிலையத்துக் குளியலறையைப் பற்றி எழுதியதற்காகத்தான் அனுசுயாவைக் கைது செய்தார்கள். வழக்கில் அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அனுசுயா தேனியில் ஒரு வாரப் பத்திரிகையின் நிருபர். வீடு அல்லிநகரத்தில். சின்னமனூருக்கு அந்தப்பக்கம் ஒரு காவல் நிலையத்தில், பைக் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துப்போன வேல்பாண்டி என்ற பையன் வலது கையில் மாவுக்கட்டோடு வெளியே வந்தான். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றது போலீஸ். அனுசுயா விசாரித்தாள். அதே பாத்ரூமில் அந்த ஒரு வருடத்தில் ஏழு பேர் வழுக்கி விழுந்திருந்தார்கள். எல்லோருக்கும் வலது கை. போலீஸ்காரர் ஒருவர்கூட விழவில்லை. ஒவ்வொருவரையும் வீடு தேடிப்போய்ப் பார்த்துப் பேசினாள். தரையைச் சரிசெய்ய ஏதாவது செலவு செய்தீர்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாள். தரை நல்ல நிலையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அத்தனையையும் அப்படியே எழுதினாள்.

பத்திரிகை வந்த வாரமே வீட்டு வாசலில் ஜீப் நின்றது. மார்க்கையன்கோட்டை ஒச்சாண்டி என்பவரைப் பஸ் ஸ்டாப்பில் ஆபாசமாகத் திட்டி, அரிவாளைக் காட்டிக் கொன்றுவிடுவதாக மிரட்டினாளாம். வீட்டைச் சோதனை போட்டார்கள். அரிவாள் கிடைக்கவில்லை. லேப்டாப்பை எடுத்துப் போனார்கள்.

“அரிவாளுக்குப் பதிலா லேப்டாப்பா சார்?” என்றாள்.

“அதெல்லாம் கோர்ட்டுல கேட்டுக்கம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

சிறையிலிருந்து ஜாமீனில் எடுத்தவர் வக்கீல் ஹேமாவதி. ஜாமீனுக்கு இரண்டு நிபந்தனைகள். தினமும் காலையில் அதே காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். புகார் கொடுத்தவரைச் சந்திக்கவோ பேசவோ கூடாது.

“அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதே” என்றாள் அனுசுயா.

“தெரிஞ்சுக்காத. அதான் நல்லது” என்றார் ஹேமாவதி.

கையெழுத்துப் போட ஒரு நிமிடம் போதும். ஆனால் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் நோட்டைத் தரமாட்டார். “ஐயா வரட்டும்” என்பார். ஐயா வரும்வரை மரப்பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். சில நாள் மதியம்வரை. இந்த நேரத்தில் ஒரு கட்டுரையை முடித்திருக்கலாமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எதிர்ச் சுவரையே முறைத்துக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது, வாழைக்கறை படிந்த சட்டையோடு ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காணாமல்போன போனைப் பற்றிக் கேட்க வந்தவர்.

“எத்தன தடவதான் அலையிறது. வாழத்தார் வெட்டுற வேலைய விட்டுட்டு வாரேன். இன்னைக்கு வா, நாளைக்கு வாங்குறாக. நீங்க எதுக்கும்மா தெனம் வாரீக?”

“என்மேல கேசு போட்ருக்காக அண்ணே. யாரோ ஒச்சாண்டியாம். அந்த ஆள நான் அரிவாளால வெட்டப் போனேனாம்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எந்த ஊரு ஒச்சாண்டி?”

“மார்க்கையன்கோட்டை.”

“எங்க ஊர்ல நான் ஒருத்தந்தானம்மா ஒச்சாண்டி. நீங்க எப்ப என்னைய வெட்ட வந்தீக?”

அனுசுயா திடுக்கிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றாள். ஜாமீன் நிபந்தனை நினைவுக்கு வந்துவிட்டது. “எங்கிட்டப் பேசாதீக அண்ணே. நான் பேசுனா உள்ள வச்சிருவாக.”

ஒச்சாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. நேரே ரைட்டரிடம் போனார்.

“ஐயா, நான் போனக் காணோம்னுதான வந்தேன்? வெள்ளத்தாள்ல கையெழுத்துப் போடு, நாங்க எழுதிக்கிறோம்னு நீங்கதான சொன்னீக? இந்தம்மா வெட்ட வந்ததா நான் எப்ப சொன்னேன்?”

“ஏலே, ஒன்னைய யார்ரா இங்கன பேசச் சொன்னது? கோர்ட்டுல கூப்புடுவாக. எழுதியிருக்கிறத அப்படியே சொல்லிட்டுப் போ.”

“அதுல என்னய்யா எழுதியிருக்கு?”

“அது எதுக்கு ஒனக்கு?”

அன்று சாயங்காலம் அனுசுயா நடந்ததைச் சொன்னபோது ஹேமாவதி தலையில் கை வைத்துக்கொண்டார். “அவர்கிட்டப் பேசுனியா?”

“அவராத்தான் வந்து பக்கத்துல உக்காந்தாரு! நான் என்ன பண்ணட்டும்?”

வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தது. ஒருமுறை இன்ஸ்பெக்டர் வரவில்லை, ஒருமுறை நீதிபதி விடுப்பு, ஒருமுறை வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒச்சாண்டி கோர்ட் வராந்தாவின் அந்தக் கோடியிலும், அனுசுயா இந்தக் கோடியிலும் நின்றார்கள். அவருடைய மனைவி மூக்கம்மாள் ஒருநாள் அங்கிருந்தே சத்தம் போட்டாள்: “இந்தப் பொம்பளையால எங்க பொழப்பே கெட்டுப்போச்சு!” அனுசுயாவுக்குத் திருப்பிக் கத்த வேண்டும்போல இருந்தது. பேசக் கூடாதே. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒருவழியாகச் சாட்சிக் கூண்டில் ஒச்சாண்டியை ஏற்றினார்கள்.

“எதிரி அரிவாளைக் காட்டி மிரட்டினாரா?” என்று அரசு வக்கீல் கேட்டார்.

ஒச்சாண்டி ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே அந்த ரைட்டர் நின்றிருந்தார். இவர் கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இல்லைங்கய்யா. இந்தம்மாவ மொதமொத ஸ்டேசன் பெஞ்சுலதான் பாத்தேன். என் போனு காணாமப்போச்சு. அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

அரசு வக்கீல் அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்டுக்கொண்டார். நடந்ததைச் சொன்ன மனிதருக்குச் சட்டத்தில் அந்தப் பெயர்தான் கிடைத்தது.

தீர்ப்பு வந்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படாததால் விடுதலை.

“நிரூபிக்கப்படலையா? நடக்கவே இல்ல மேடம்! பொய்ப் புகாரை எழுதுனது யாருன்னு ஒரு வரிகூட இல்லையே” என்று படியிறங்கும்போதே குமுறினாள் அனுசுயா.

“விடுதலை ஆயிட்ட. இன்னைக்கு ஒருநாளாவது சந்தோஷமா இரு” என்றார் ஹேமாவதி. இன்ஸ்பெக்டர் பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போய் மாதக்கணக்காகியிருந்தது.

வாசலில் ஒச்சாண்டி நின்றிருந்தார். இனி பேசலாம். அனுசுயா கிட்டே போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“கும்பிடெல்லாம் வேணாம்மா” என்றார் கடுப்பாக. “‘ஊருக்குள்ளதான இருப்ப, பாத்துக்கிறேன்’னு ரைட்டர் சொல்லிட்டுப் போறாரு. நாளைக்கு என்னையக் கூட்டிட்டுப் போனா எந்தக் கைய ஒடிப்பாக?”

அனுசுயா கும்பிட்ட கையை இறக்கிப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். “நான் இத எழுதப்போறேன் அண்ணே. ஒங்க பேரு வராமப் பாத்துக்கிறேன்” என்றாள்.

“எதுக்கு வராம? பொய்யிக்கு எம் பேரப் போட்டாக, ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கல. நீங்க கேக்குறீக. போடுங்க. பேரு இருந்தாத்தான் தொடப் பயப்படுவாக.”

“மூக்கம்மாக்காகிட்டக் கேட்டுக்கங்க.”

“கேட்டா நம்ம ரெண்டு பேரையும் சேத்து வைவா. போடுங்கம்மா.”

கட்டுரை ஒச்சாண்டியின் பெயரோடு வந்தது. மாவட்டப் போலீஸ் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். இருவரும் வாக்குமூலம் கொடுக்கத் தேனி அலுவலகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. போனார்கள். அதிகாரி கேம்ப் என்று வெளியூர் போயிருந்தார். எப்போது வருவார் என்று கேட்டதற்கு, “உக்காருங்க, ஐயா வரட்டும்” என்றார் உதவியாளர்.

ஒச்சாண்டி அனுசுயாவைப் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்தார். “வரட்டும். இன்னைக்குச் சொல்லிட்டுத்தான் போறது.”