எட்டு முட்டை கேக்கும் எம்சிபியும்

டீனாவின் கேக் பாதி வெந்திருந்தபோது மின்பெட்டியில் ஓவனுக்கான எம்சிபி, அந்தக் குட்டி பிரேக்கர், பட்டென்று கீழே விழுந்து கரண்ட் நின்றது. இரண்டு மணி நேரத்தில் தங்கைக்கு நிச்சயதார்த்தம்!

கணவன் லாயிட் ஃபிரிட்ஜை நகர்த்தி ஓவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எம்சிபியை மேலே தூக்கினான். மறுபடி விழுந்தது.

பீன்யா தொழிற்பேட்டையில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் மாடிவீட்டு கோவிந்தராஜன் வந்தார். "வயரைக் கழற்றியும் நிக்கல. எம்சிபியே போச்சு. தினமும் இதைத்தான் சுவிட்சா போட்டீங்களா?"

"மூணு வருஷமா, அங்கிள்! சுவிட்சு ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கு" என்றாள் டீனா.

"தேஞ்சிடுச்சு. மாத்தணும்."

டீனா கேக்கோடு மாடிக்கு ஓடினாள். அவர் மனைவி வேதநாயகி சுத்த சைவம்.

"முட்டை இருக்கா?"

"எட்டு, ஆன்ட்டி."

"எட்டா! சீக்கிரம் என் ஓவன்ல வை. எனக்கு ரெண்டு துண்டு. அவர்கிட்ட மூச்சு விடாதே."

கீழே இறங்கி வந்தவளிடம் லாயிட் கிசுகிசுத்தான்: "அங்கிளுக்கு ரெண்டு துண்டு வேணுமாம். ஆன்ட்டிக்குத் தெரியக்கூடாதாம்!"