மலர்க்கொடி பேரில் போட்ட டிக்கெட்

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன்கூடையோடு காரைக்காலுக்கு வரும் மலர்க்கொடிக்கு சில்வியாவின் வீடுதான் கடைசி வாடிக்கை. மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் சில்வியா தனியாகக் குடியிருந்தாள். அங்கே வந்து சேரும்போது கூடை காலியாகியிருக்கும், காலும் ஓய்ந்திருக்கும். ஒதுக்கி வைத்த மீனை அலசிக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்து, கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மலர்க்கொடி கிளம்புவாள். முதலில் தெருவில் எல்லோரையும் போல 'மதாம்' என்றுதான் கூப்பிட்டாள். சில்வியா இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் செய்துகொண்டவள். மழைக்காலத்தில் வலி தாங்காமல் படுத்துவிட்டபோது மலர்க்கொடி தைலம் தேய்த்துவிட்டாள். அதற்கப்புறம் 'அக்கா' ஆகிவிட்டது.

சில்வியாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனவள், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். புருஷன் செத்துப்போனார். பிள்ளை இல்லை. கடைசிக் காலத்தில் காரைக்காலுக்குத் திரும்பி வந்த அம்மா இங்கேயே இறந்து, இங்கேயே கல்லறையில் இருந்தாள். அவள் பக்கத்தில் தனக்கும் ஒரு இடம் போதும் என்று சில்வியா கிளம்பி வந்துவிட்டாள். ஆனால் பாஸ்போர்ட் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். ஊரில் தங்குவதற்கு விசாவை நீட்டித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த முறை சென்னையில் உள்ள விசா அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை காலையில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

பழைய விசா முடிந்த தேதியோடு அவளுடைய செல்போன் சிம்மும் செத்துப்போயிருந்தது. அதனால் ஆட்டோக்காரர் காஜா நஜ்முதீனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டிராவல்ஸ் கடைக்கு நேராகவே போனாள். முட்டியை மடக்கி உட்கார முடியாது என்பதால் படுத்துக்கொண்டு போகிற பஸ்தான் வேண்டும் என்று கேட்டாள்.

"பேரு, வயசு, போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்றான் கடைக்காரன்.

பிரான்ஸ் நம்பரைச் சொன்னாள்.

"இதுக்கு மெசேஜ் போவாதே. ஆதார் இருக்கா?"

"பாஸ்போர்ட் இருக்கு."

அவன் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். முகத்தையும் பார்த்தான். "வெளிநாடா? நல்லாத் தமிழ் பேசறீங்க?"

"இந்த ஊர்லதாங்க பொறந்தேன்."

"அப்ப ஆதார் எடுத்திருக்கலாமே?"

போன மாதம் ஒரு வெள்ளைக்காரருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்து, வழியில் சோதனை வந்து, தன்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள் என்று சொல்லி அவன் பாஸ்போர்ட்டைத் திருப்பி நகர்த்தினான். "எனக்கு எதுக்குங்க வம்பு? ஆன்லைன்ல நீங்களே போட்டுக்கங்க."

ஆன்லைனும் ஒத்துழைக்கவில்லை. பிரான்ஸ் வங்கி கார்டைப் போட்டால் சக்கரம் சுற்றிச் சுற்றி முதல் பக்கத்துக்கே திரும்பியது. வங்கி அனுப்புகிற ரகசிய எண் அங்கத்திய நம்பருக்குப் போனது. அந்த நம்பருக்கு இங்கே சிக்னல் இல்லை. மறுநாள் மலர்க்கொடி மீனோடு போனபோது சில்வியா கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

"காசு கையில இருக்கு மலரு. பஸ்ஸும் இருக்கு. ஏறத்தான் முடியல" என்றாள்.

"இதுக்கா அழுவுறீங்க? என் போனு எதுக்கு இருக்கு?"

மலர்க்கொடியின் மகள் பாரதி சென்னையில் நர்சிங் படித்தாள். அவளைப் பார்க்கப் போய்வரும் பழக்கத்தில் மலர்க்கொடிக்கு பஸ் டிக்கெட் போடுவது தண்ணீர் பட்ட பாடு. அலம்பிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஞாயிறு இரவு வண்டியில் கீழ்ப்படுக்கை இரண்டுதான் மிச்சம். ஒன்று டிரைவருக்குப் பின்னால், இன்னொன்று கடைசியில்.

"பின்னாடி சத்தம் இல்லாம இருக்கும், அதைப் போடு" என்றாள் சில்வியா.

"வேணாங்க்கா. பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும். உங்க முட்டிக்கு ஆவாது. முன்னாடி போடறேன்."

பயணி என்ற இடத்தில் மலர்க்கொடி, பெண், நாற்பத்து நாலு என்று தானாக வந்து நின்றது. அதை அழித்துச் சில்வியாவின் பெயரை அடிக்கப் பார்த்தாள். எழுத்து ஏறவில்லை, மேலே நேரம் குறைந்துகொண்டே வந்தது. "மாத்தப் போனா சீட்டு போயிரும். யாரு பாக்கப் போறா?" என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டாள்.

சில்வியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "செவ்வாக்கெழம வந்துருவேன். சங்கரா கெடைச்சா எனக்கு எடுத்து வை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காஜா நஜ்முதீன்தான் அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை விடிந்தபோது மலர்க்கொடி கடற்கரையில் நின்றிருந்தாள். படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. புது நம்பர்.

"ஏம்மா, இந்த போன் யாருது?" ஆண் குரல். அதட்டல் இல்லை. பதமாகத்தான் கேட்டது.

"என்னுதுதாங்க. நீங்க யாரு?"

"போலீஸ் ஸ்டேஷன்லேருந்து பேசறோம். மலர்க்கொடிங்கறவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"நான்தாங்க மலர்க்கொடி."

"வெளையாடாதீங்கம்மா. சென்னை போற பஸ்ஸு கடலூர் தாண்டி, நின்னுகிட்டிருந்த லாரியில மோதிருச்சு. முன்னாடி படுத்திருந்தவங்க யாரும் பொழைக்கல. மலர்க்கொடிங்கற பேருல ஒரு அம்மா. வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா குடுங்க."

மலர்க்கொடி போனை அணைத்துவிட்டாள். ஏன் அணைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கையிலிருந்த கூடையை அப்படியே மணலில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

புருஷன் மாணிக்கவேல் வலை பிரித்துக்கொண்டிருந்தான். சொன்னதைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினான். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணம் சிறையில் சில மாதம் கிடந்து வந்தவன் அவன். அன்றிலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டாலும், கையெழுத்து என்று கேட்டாலும் உடம்பு நடுங்கும்.

"போனைத் தொறக்காத. அந்த அம்மா வெளிநாட்டுப் பிரஜை. விசா முடிஞ்சிருக்கு. உன் பேருல ஏத்தி அனுப்பிருக்க. என்னா கேப்பான் தெரியுமா? பேரு மாத்தி எதுக்கு அனுப்புனன்னு கேப்பான். ஏஜெண்டும்பான்."

"அதுக்காக அக்காவ அங்கயே போட்டுடறதா?"

"அவுங்க ஆளுங்க வந்து பாத்துக்குவாங்க."

"யாரு வருவா? என் பேரு எழுதி வச்சிருக்கான். மலர்க்கொடின்னு தேடி யாரு வருவா?"

மாணிக்கவேல் கதவில் சாய்ந்து நின்றான். அவளும் கிளம்பவில்லை. முன்னாடி சீட்டைப் போட்டது தன் விரல்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுவரில் சாய்ந்து, அந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால், அவன் சொன்ன பயம் அவளுக்குள்ளும் இருந்தது. மகள் படிப்பு, எல்லை தாண்டியதாக அவன் மேல் இருக்கும் பழைய வழக்கு, எல்லாம் கண்முன் வந்து போனது. போகாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நேரம் நினைத்தாள்.

வெளியே ஒப்பாரிச் சத்தம் கேட்டது. இறந்தவர் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டிருந்தது. 'மலர்க்கொடி, காரைக்கால்' என்று பார்த்ததும் தெருப் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மாரில் அடித்தபடி ஓடிவந்தார்கள். கதவைத் திறந்து நின்ற மலர்க்கொடியைக் கண்டதும் முன்னால் வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒருத்தி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். மாரியம்மன் காப்பாத்திட்டா என்றார்கள். சென்னையிலிருந்து பாரதி மாணிக்கவேலின் போனில் கூப்பிட்டு, அம்மா குரலைக் கேட்டதும் விம்மி அழுதாள்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காஜா நஜ்முதீன் வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"அக்கா, நீங்க இங்க நிக்கறீங்க" என்றார். "அப்ப அந்தப் பேரு… மதாமா?"

மலர்க்கொடி தலையை ஆட்டினாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"மவுத்தானவங்கள அப்புடி விட்டுடப்படாதுக்கா. நான் மச்சான் காரை எடுத்துட்டு வர்றேன். கெளம்புங்க."

மாணிக்கவேல் தடுக்கவில்லை. ஆனால் கூட வரவும் இல்லை.

கடலூர் அரசு ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில் இன்ஸ்பெக்டர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மலர்க்கொடி சொன்னதை அவர் இரண்டு தடவை கேட்டார். ஆதாரை வாங்கிப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டார். "வெளிநாட்டு அம்மான்னு சொல்றீங்க. பாஸ்போர்ட் எங்க? பைகளெல்லாம் கலந்து கெடக்கு, இன்னும் பிரிக்கல. நீங்க சொல்றதை வச்சு நான் எப்படி எழுதறது?"

"உள்ள விடுங்கய்யா. பாத்துச் சொல்றேன்."

உள்ளே ஒரு ஆள் துணியை விலக்கினான். முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. காலில் கட்டியிருந்த அட்டையில் மலர்க்கொடி என்று பேனாவால் எழுதியிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் முட்டியைப் பார்த்தாள். இரண்டு முட்டியிலும் நேர்க்கோடாக ஓடிய பழைய தையல் தழும்பு. எத்தனை முறை தைலம் தேய்த்தவள். கையை நீட்டித் தொடப் போனாள். "தொடாதீங்கம்மா" என்றான் அந்த ஆள்.

சாயங்காலத்துக்குள் பாஸ்போர்ட் ஒரு பையில் கிடைத்தது. அப்புறம் எல்லாம் காகிதமாக நடந்தது. முதலில் மலர்க்கொடி தான் உயிரோடு இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஏட்டு வாசித்துக் காட்டினார்: 'மேற்படி மலர்க்கொடி ஆகிய நான் மேற்படி விபத்தில் இறக்கவில்லை.' அவள் கையெழுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் அவளை ஏஜெண்ட் என்று சொல்லவில்லை, வழக்கும் போடவில்லை. "இனிமே யாருக்கும் உங்க பேருல எடுத்துக் குடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

தூதரகத்துக்குச் சொல்லி, அவர்கள் பிரான்சில் இருந்த சில்வியாவின் அண்ணன் மகள் ஆன்லினைத் தேடிப் பிடிப்பதற்குச் சில நாள் ஆனது. அதுவரை உடல் குளிர்ப்பெட்டியில் கிடந்தது. மாதா கோயில் சாமியாரிடம் மலர்க்கொடி போய், அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். இடம் இருக்கிறது, குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் அடக்கம் செய்யலாம் என்றார் அவர்.

ஆன்லின் வீடியோவில் வந்தாள். முப்பது வயது இருக்கும். அழுது வீங்கிய முகம். தமிழைத் தேடித் தேடிப் பேசினாள்.

"உங்களுக்கு மெர்சி… நன்றி. அத்தை உடம்பு இங்க வரும். இன்சூரன்ஸ் எல்லாம் செய்யும். இங்க அப்பா கல்லறையில இடம் இருக்கு. நாங்க போய்ப் பூ வைக்கலாம்."

"அவுங்களுக்கு இங்க அம்மா பக்கத்துல இருக்கணும்னு ஆசம்மா. அதுக்குத்தான் வந்தாங்க. விசாவுக்கு அலைஞ்சதும் அதுக்குத்தான்."

"எழுதி வச்சிருக்காங்களா?"

"எழுதலைம்மா. என்கிட்ட சொன்னாங்க."

ஆன்லின் கெட்ட பெண் இல்லை. தன் அப்பாவும் போய், கடைசியாக இருந்த ஒரே ஒரு அத்தையும் போய், அந்தக் குழியாவது தனக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாள். "நீங்க அத்தைக்கு… யாரு?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

மலர்க்கொடி, "மீன் குடுக்கறவம்மா" என்றாள்.

"கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"செவ்வாக்கெழம வந்துருவேன், சங்கரா எடுத்து வைன்னாங்க."

ஆன்லினுக்கு சங்கரா என்றால் என்னவென்று தெரியவில்லை. மீன் என்று காஜா நஜ்முதீன் பக்கத்திலிருந்து விளக்கினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனால் முடிவை மாற்றவில்லை.

உடலை ஏற்றிப்போன அன்று மலர்க்கொடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். இந்தமுறை மாணிக்கவேலும் வந்தான், வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டான். சவப்பெட்டியைத் தகரத்தால் பொதிந்து ஒட்டி மூடிவிட்டிருந்தார்கள். மேலே சில்வியாவின் முழுப்பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அச்சடித்து ஒட்டியிருந்தது. மலர்க்கொடி கொண்டுபோன மல்லிகைச் சரத்தை மேலே வைத்தாள். விமானத்தில் அனுமதி இல்லை என்று வண்டிக்காரன் அதை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தான். வண்டி சென்னைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். மாணிக்கவேல் வந்து அதை வாங்கி வேப்பமரத்துக் கிளையில் மாட்டினான். "வா, போவலாம்" என்றான்.

அடுத்த வாரம் அவள் கூடையோடு காரைக்காலுக்குப் போனாள். முதல் வீட்டுக்காரி மீனைப் பார்க்கவில்லை, கதையைக் கேட்டாள். செத்தவ நீன்னு சொன்னாங்களாமே, போலீசு என்னா சொன்னான், உடம்பு எப்புடி இருந்துச்சு என்றாள். மலர்க்கொடி சொன்னாள். இரண்டாவது வீட்டிலும் சொன்னாள். மூன்றாவது வீட்டு அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எந்த சீட்டுல படுத்திருந்தாங்க?" என்று ஆரம்பித்தாள்.

மலர்க்கொடி தராசை எடுத்துக் கூடைக்குள் போட்டாள்.

"கெழங்கான் இருக்கு, காரப்பொடி இருக்கு" என்றாள். "வேணுமா வேணாமா, சொல்லுங்க. வெயில் ஏறுது."