கையோட கையா

"லேசா தட்டிக் கொட்டினா போதும் மேடம்" என்றுதான் புரோக்கர் சொன்னார். சமையலறைக்குள் கால் வைக்காமல், வாசலிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கைத் தொட்டுக்கொண்டு சொன்னார். "சுவத்துக்கு வெள்ளை அடிங்க. குழாய மாத்துங்க. வெளிச்சமா ஒரு லைட்டு. அதுக்கு மேல கைய விடாதீங்க. வாங்குறவங்க எப்படியும் அவங்க இஷ்டத்துக்கு இடிச்சுக் கட்டத்தான் போறாங்க."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அவசரத்தில் இருப்பவளுக்கு "போதும்" என்ற சொல் காதில் தேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாடகை வீடுகளில் பெட்டி கட்டிக்கொண்டே இருக்கிறேன். ஒரு வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பார், இன்னொருவர் துணியை மாடியில் காயப்போடக் கூடாது என்பார். என் கணவர் லாரி ஓட்டுகிறார். அவருக்கு எந்த வீடும் இரண்டு நாள் லாட்ஜ்தான், கவலையே கிடையாது. எனக்கு அப்படி முடியவில்லை. எனக்கென்று ஒரு கதவு வேண்டும், அதை நானே சாத்த வேண்டும். நான் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிற லேபுக்கு எதிரே அப்படி ஒரு கதவு விலைக்கு வந்திருந்தது. மூன்றாவது மாடி, கிழக்கே பார்த்த ஜன்னல். அப்பா அம்மா விட்டுப்போன வீட்டை விற்றால் என் பாதி அதற்குச் சரியாக இருக்கும்.

மறுபாதி என் தம்பியுடையது. அவன் அந்த வீட்டில்தான் இருக்கிறான். வீட்டில் என்பதைவிட அந்தச் சமையலறையில் இருக்கிறான் என்று சொல்லலாம். சுற்றுவட்டார ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. விடியும்போது அடுப்பைப் பற்றவைத்தால், வெயில் ஏறுவதற்குள் டப்பாக்கள் வரிசையாக வாசலுக்கு வந்துவிடும். வீட்டை விற்றால் அவன் எங்கே சமைப்பான்? வாடகை வீட்டில் அத்தனை பெரிய அடுப்பை யார் விடுவார்கள்? இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. "வேற இடம் பாத்துக்கலாம்டா" என்றேன்.

"சரிக்கா" என்றான்.

அவன் எதற்குமே "சரிக்கா" தான். சின்ன வயதில் அவன் சைக்கிளை நான் பிடுங்கிக்கொண்டபோதும் "சரிக்கா" தான். ஆள் மட்டும் வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். தெருவில் எல்லாருக்கும் அவன் நெட்டை. ஆபீஸ்களில்கூட "நெட்டை சாப்பாடு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்களாம். அவ்வளவு உயரத்தில் ஒரு "மாட்டேன்"கூடவா இருக்காது என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஒருமுறை மட்டும், "மாடி ரூம் சும்மாதான பூட்டிக் கிடக்கு, நீ வந்து இரேன்" என்று அவனாகச் சொன்னான். கட்டிக் கொடுத்த பெண் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? போடா என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் அம்மா குள்ளம். நானும் அம்மா மாதிரி. சமையல் மேடை அம்மாவின் உயரத்துக்குக் கட்டியது. அதில் இவன் காய் நறுக்க வேண்டுமென்றால் இரண்டு கால்களையும் அகட்டி வைத்து, ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிப்பதுபோல் குனிய வேண்டும். பார்க்கும்போதெல்லாம் நான் சிரிப்பேன். அவனும் சிரித்துக்கொண்டே இடுப்பைப் பிடித்துக்கொள்வான்.

சரி, மேஸ்திரி ஆட்களோடு வந்தார். தம்பி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் தார்ப்பாய் கட்டிச் சமைக்க ஆரம்பித்தான். வெள்ளை அடிப்பதற்காகச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியபோது பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்ததாம். போன் வந்தது.

"அக்கா, கையோட கையா டைல்ஸ் ஒட்டிடலாமா? துடைக்க வசதியா இருக்கும். வர்றவங்களுக்கும் பார்வையா இருக்கும்."

சரி என்றேன். டைல்ஸ் ஒட்டப் போனால் உள்ளே ஓடும் குழாய் துருப்பிடித்திருந்தது. கையோடு கையாக அதையும் மாற்றினார்கள். குழாய்க்காகச் சுவரை வெட்டியதில் மேடை விரிசல் விட்டது.

"அக்கா, கையோட கையா மேடையையும் எடுத்துக் கட்டிட்டா..."

"டேய், வீட்ட விக்கப் போறோமா, இல்ல கல்யாணம் பண்ணிக் கொடுக்கப் போறோமா?"

"விரிசல் விட்ட மேடைய யாருக்கா வாங்குவாங்க?"

என் எரிச்சலே அதுதான். அவன் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது. சண்டை போட ஒரு பிடி கிடைக்கவில்லை. ஆனால் கூட்டிப் பார்த்தால் வெள்ளை அடிக்கப் போன வேலை வீட்டையே விழுங்கிக்கொண்டிருந்தது. "கையோட கையா" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு பற்றி எரிய ஆரம்பித்தது.

லேபில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊசியை எடுத்த பிறகும் ஒரு பெரியவரின் கையில் கட்டிய ரப்பரை அவிழ்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். "அம்மா, கைய வச்சுட்டுப் போகவா, எடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் எதிர்ப்பக்கம் போய் மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்ப்பேன். விற்பனைக்கு என்ற அட்டை இருக்கிறதா? இருக்கிறது. திரும்பி வந்து உட்காருவேன். உட்கார்ந்ததும் யாராவது அட்டையைக் கழற்றியிருப்பார்களோ என்று தோன்றும்.

அப்போதுதான் புரோக்கர் போன் செய்தார். "மேடம், நாளைக்குச் சாயங்காலம் பார்ட்டியோட வர்றேன். வேலை முடிஞ்சிடுச்சுதான?"

மறுநாள் மதியமே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எந்த லட்சணத்தில் வைத்திருக்கிறான் என்று முதலில் நான் பார்த்துவிட வேண்டும்.

சமையலறை பளபளவென்று இருந்தது. அதை மறுப்பதற்கில்லை. வெள்ளை டைல்ஸ், புதுக் குழாய், கறுப்புக் கல் பதித்த மேடை. மேஸ்திரி கல்லின் ஓரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கைப்பையை மேடைமேல் வைக்கப் போனேன். பை கல்லில் முட்டிக் கீழே விழுந்தது.

கிட்டப் போய் நின்றேன். மேடை என் நெஞ்சுக்கு வந்தது. சிங்கின் அடிப்பக்கம் கண்ணுக்கே தெரியவில்லை.

"மேஸ்திரி, இது என்ன மேடையா, மொட்டை மாடியா?"

"தம்பி சொன்ன உயரந்தாம்மா. எவ்வளவு வைக்கலாம்னு கேட்டேன். இந்த அளவுன்னு கைய வச்சுக் காட்டினாரு."

"எதுல கைய வச்சான்?"

"அவரு இடுப்புலதாம்மா."

நான் போட்ட கூச்சலில் தம்பி பின்வாசலில் குனிந்து உள்ளே வந்தான். கையில் கழுவிக்கொண்டிருந்த கரண்டி, நெற்றியெல்லாம் வியர்வை.

"வாங்குறவங்க வந்து நிக்கப் போறாங்க! இங்க யாருடா சமைக்கப் போறாங்க? நீயா?"

அவன் மேடையைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

"மேஸ்திரி உயரம் கேட்டாரு. நான் காட்டினேன். யோசிக்கவே இல்லக்கா. கை தானா போயிடுச்சு."

அவனுக்குப் பொய் சொல்ல வராது. திட்டம் போட்டுச் செய்திருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன். வாய் "சரிக்கா" என்று சொல்ல, கை மட்டும் அவனைக் கேட்காமல் இங்கேதான் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறது.

ஆனாலும் விடவில்லை. "நாளைக்கே இடிச்சுக் குறைச்சுக் கட்டணும்" என்றேன்.

"சரிக்கா."

அந்த நேரத்தில் வாசலில் கார் சத்தம் கேட்டது. பார்ட்டி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டது.

புரோக்கர் முதலில் வந்தார், அவர் பின்னால் ஒரு குட்டையான மனிதர், அவர் பின்னால் வாசல் நிலைக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராம். ஹாலைச் சும்மா பார்த்தார், அறைகளைச் சும்மா பார்த்தார். சமையலறைக்கு வந்ததும் மேடைமேல் இரண்டு கைகளையும் ஊன்றினார். முதுகு நேராக நின்றது.

"ஐயோ, இங்க வந்து பாருங்களேன்!" என்று கணவரைக் கூப்பிட்டார். "எந்த வீட்டுக்குப் போனாலும் குனிஞ்சு குனிஞ்சே என் இடுப்பு போச்சு. இது எனக்குன்னே அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கு!"

"எனக்கு எட்டாது. அப்ப நான் சமைக்க வேண்டாம். இந்த வீட்டையே வாங்கிடலாம்" என்றார் கணவர்.

புரோக்கர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்த அம்மா மேடையைத் தடவிக்கொண்டே, "ஒண்ணுமே மாத்த வேண்டாம். எப்பங்க காலி பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

நான் தம்பியைப் பார்த்தேன். பின்வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றிருந்தான். கல்லின்மேல் ஊன்றியிருந்த அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மேடையில் அவன் இன்னும் ஒரு வெங்காயம்கூட நறுக்கவில்லை.

அடுத்த மாசம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூன்றாவது மாடி, கிழக்கு ஜன்னல், என் கதவு, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"இன்னும் வேலை முடியலங்க" என்றேன்.

"எல்லாம் முடிஞ்ச மாதிரிதானே இருக்கு?"

"இல்லங்க. கையோட கையா ஒரு வேலை பாக்கி இருக்கு. முடிஞ்சதும் யோசிச்சுச் சொல்றேன்."

புரோக்கர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. அவர்களைக் காரில் ஏற்றிவிட்டு ஓடி வந்து, "கைக்கு வந்ததத் தட்டி விடுறீங்களே மேடம், உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். என்ன ஆச்சு என்று எனக்கே தெரியவில்லை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தம்பிமேல் கோபம், அந்த டீச்சர்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே என்மேல் கோபம். லேபுக்கு எதிரே தொங்கும் அந்த அட்டையை நாளைக்கு எப்படிப் பார்ப்பேன்?

அவர் போனதும் மேஸ்திரி மெதுவாகக் கேட்டார். "என்ன வேலைம்மா பாக்கி?"

மேடைக்கு முன்னால் போய் நின்றேன். நுனிக்காலில் எம்பி உள்பக்கம் கையை நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை.

"இங்க, அடுப்பு வர்ற இடத்துக்கு முன்னால, எனக்கு ஒரு படி கட்டுங்க."

"எவ்வளவு உயரம்மா?"

தம்பி வெளியே போய்க் காலி எண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தான். ஏறி நின்றேன். மேடை சரியாக இடுப்புக்கு வந்தது.

"அக்கா, அந்த மூணாவது மாடி?"

"வாய மூடு. மாடி ரூமைத் தொறந்து வை. நாலு பேரு என்ன வேணா பேசட்டும். ஆணி எல்லாம் என் இஷ்டத்துக்குத்தான் அடிப்பேன்."

"சரிக்கா" என்றான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னான். "படிய இங்க கட்டாதீங்க மேஸ்திரி. சிங்க் பக்கம் கட்டுங்க."

"ஏண்டா?"

"அடுப்பு என்னோடதுக்கா."

நான் அவனையே பார்த்தேன். அவன் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. டின்னிலிருந்து இறங்கி, அதை எடுத்துக்கொண்டு போய் சிங்க் முன்னால் போட்டு மறுபடி ஏறி நின்றேன்.

"இந்த அளவு" என்றேன் மேஸ்திரியிடம்.