வயிற்றில் போடும் ஊசி

மருதமுனையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கும் முஸ்பிறாவுக்கு, பொசுபோலிப்பிட்டு என்பது கரும்பலகையில் கீறும் ஒரு வட்டமும் இரண்டு வாலும்தான். வட்டத்தில் பொசுபேற்று, வால்களில் கொழுப்பமிலம், இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது கிளிசரோல். தலை தண்ணீரை விரும்பும். வால் தண்ணீருக்குப் பயந்து உள்ளே ஒதுங்கும். அப்படி இரண்டு வரிசை வாலோடு வால் பார்த்து நின்றால் அதுதான் கலத்தின் மென்சவ்வு. பிள்ளைகள் பரீட்சையில் அதைப் பிழையில்லாமல் கீறினால் போதும் என்று இருந்தாள்.

மூன்றாவது கருவும் தங்காமல் போன பிறகு, ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏறி இறங்குகிறாள் என்றார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறாள் என்றார்கள். அவளுடைய உம்மா ஆமினா உம்மா ஓதின தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து வைத்துவிட்டு குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவார். கணவன் றிபாஸ் கல்முனையில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருப்பவன், அதிகம் கதைக்காதவன். ஒரு நாள் மட்டும் சொன்னான்: "ஊராக்கள் கதைக்கிறத விடு. டொக்டர் என்ன சொல்றார் எண்டு கேப்பம்."

டொக்டர் பளீல் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். சில மாதம் கழித்து மறுபடியும் எடுத்து அனுப்பினார். இரண்டாவது முடிவும் வந்த அன்று கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர் என்ன பாடம் படிப்பிக்கிற?"

"உயிரியல் சேர்."

"அப்ப எனக்கு வேலை லேசு. மென்சவ்வுல ரெண்டு வால் வெச்சிக் கீறுவீங்களே, அதுதான் விசயம். அந்தக் கொழுப்பில ஒட்டிக்கிட்டு இரிக்கிற புரதத்த உங்கட உடம்பு களவெடுக்க வந்த ஆளெண்டு நினைக்குது. அதுக்கெதிரா பிறபொருளெதிரி செய்யுது. அதால இரத்தம் கண்ட இடத்தில உறையுது. சூல்வித்தகத்தில, அதான் நச்சுக்கொடியில, உறைஞ்சு அது பழுதாகினா பிள்ளைக்குச் சாப்பாடு போற வழி இல்ல."

முஸ்பிறா பக்கத்தில் இருந்த றிபாஸைப் பார்த்துவிட்டு டொக்டரிடம் திரும்பினாள்.

"அப்ப நான் படி ஏறினது, பஸ்ஸில போனது..."

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தபோதும் பிறர் முன்னால் அழாதவள் அன்றைக்கு அழுதாள். றிபாஸ் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

அடுத்த வருடம் மறுபடியும் கரு உண்டானதும் சிகிச்சை தொடங்கியது. சாப்பிடச் சின்ன அஸ்பிரின் குளிசை. அத்தோடு, இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வயிற்றுத் தோலில் ஓர் ஊசி, தானே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் கிழமை அவளுடைய வயிறு முழுக்க நீலம் பாய்ந்து கிடந்தது.

கிளினிக்கின் நீள வாங்கில் பக்கத்தில் இருந்த பெண்தான் அதற்கு வழி சொன்னாள். சொறிக்கல்முனையில் இருந்து வந்த நிலாந்தினி. வேளாண்மை செய்கிற ஜனுசனின் மனைவி. அதே இரத்த வருத்தம், அதே ஊசி. முஸ்பிறாவை விட ஒரு மாதம் முந்தின வயிறு.

"ஊசி போட்டாப் பிறகு தேய்க்கப்படாது டீச்சர். நானும் முதல்ல தேய்ச்சித்தான் எல்லாம் கண்டிப் போச்சு."

"தேய்க்காம இரிக்கேலாதே தங்கச்சி, கடிக்குதே."

"கையில தஸ்பீஹ் மணிய வெச்சி உருட்டுங்க. கை சும்மா இருந்தாத்தான் வயித்துக்குப் போகும்."

முஸ்பிறா சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஃபோனில் கதைத்தார்கள். பிள்ளை துடித்தால் சொல்வார்கள், துடிக்கிற மாதிரி இருந்தாலும் சொல்வார்கள்.

ஒரு நாள் நிலாந்தினியின் ஃபோனை ஜனுசன் எடுத்தான். ஐந்தாம் மாதத்தில் பிள்ளையின் இதயத் துடிப்பு நின்றுவிட்டது. "ஊசி ஒரு நாளும் விடல்ல டீச்சர்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் சிலருக்குத் தங்காமல் போகும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். அது தங்கள் இருவரில் ஒருத்தியைக் குறிக்கும் என்று முஸ்பிறா யோசித்ததில்லை.

போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்தாள். அபாயாவுக்கு மேலால் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. அந்த வயிற்றோடு போய் அவள் முன்னால் எப்படி நிற்பது? போகவில்லை.

அப்போதுதான் மாரி மழை பிடித்தது. சொறிக்கல்முனைக்குப் போகும் வழியில், கிட்டங்கிப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடியது. கொழும்பிலிருந்து மருந்து லொறிகள் வரவில்லை. கிளினிக்கில் ஊசி முடிந்துவிட்டது. றிபாஸ் கடையைப் பூட்டிவிட்டு அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பார்மசி பார்மசியாக ஏறி இறங்கி, நனைந்த உடுப்போடு வெறுங்கையாக வந்தான்.

"நிலாந்தினிக்கிட்ட மிச்சம் இரிக்கும். நான் கேக்கட்டா?" என்றான்.

"வேணா மச்சான். எந்த வாயால கேக்கிற?"

வீட்டில் ஒரேயொரு ஊசிதான் இருந்தது. மறுநாள் மழை சற்று விட்ட நேரம் வாசலில் ஓர் உழவு மெசின் வந்து நின்றது. ஜனுசன் வெள்ளத்துக்குள்ளால் ஓட்டி வந்திருந்தான். பின்னால் பூட்டிய பெட்டியிலிருந்து இறங்கிய நிலாந்தினியின் கையில், பொலித்தீனில் இறுக்கிச் சுற்றிய பார்சல்.

"நேர்ஸ் சொன்னா ஊசி வரல்ல எண்டு. உங்களுக்கும் முடிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன். இது உடைக்காத பெட்டி. எனக்கு இனி வேணாம் எண்டு டொக்டர் சொல்லிட்டார்."

முஸ்பிறா பார்சலை வாங்கவில்லை. "நான் உன்னப் பாக்க வரல்ல தங்கச்சி."

"நல்லது. வந்திருந்தா நான் கதவு திறந்திருக்க மாட்டன்." கோபமில்லாமல்தான் சொன்னாள். "முதல்ல இதை ஆத்துல எறியத்தான் நினைச்சன் டீச்சர். பிறகு நினைச்சன், இது ஒரு பிள்ளைக்கெண்டு தந்த சாமான். ஒரு பிள்ளைக்கே போகட்டும்."

ஆமினா உம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். நிலாந்தினியின் ஈரத் தலையைப் பார்த்துவிட்டுத் துவாய் எடுத்துவந்து தானே துடைத்துவிட்டார். நிலாந்தினி தலையைக் குனிந்து கொடுத்தாள். முஸ்பிறா டொக்டருக்கு ஃபோன் எடுத்தாள். மருந்தின் அளவு, முடிவுத் திகதி, எப்படி வைத்திருந்தார்கள் எல்லாம் விசாரித்துவிட்டு, "போடுங்க," என்றார் அவர்.

சித்திரை பிறக்கும் முன்னமே, நாள் நிறைவதற்குச் சில கிழமைகள் இருக்க, சத்திரசிகிச்சையில் பெண்குழந்தை பிறந்தது. சின்ன உடம்பு. ஆனால் சத்தம் பெரிது. றிபாஸ் வலக் காதில் பாங்கு சொல்லும்போது இரண்டு தரம் நின்று தொடர்ந்தான். அப்னா என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகு முஸ்பிறா நிலாந்தினிக்கு ஃபோன் எடுத்தாள்.

"நான் உங்கட வீட்ட வரப்போறன். பிள்ளையக் கொண்டு வரட்டா, வேணாமா? உள்ளதச் சொல்லு."

மறுபக்கத்தில் ஓர் ஆட்டோ போகும் சத்தம் கேட்டது. அது தூரப் போய் அடங்கியது.

"கொண்டு வாங்க."

சொறிக்கல்முனையில் வயல் அறுவடை முடிந்து கிடந்தது. நிலாந்தினி பிள்ளையை வாங்கியதும் முதலில் அதன் உச்சியை முகர்ந்தாள். பிறகு அப்படியே நின்று அழுதாள். ஜனுசன் கிட்ட வந்தான். அவள் தலையை அசைத்ததும் விலகிப் போனான். அழுகை ஓய்ந்த பிறகும் பிள்ளையைக் கீழே விடவில்லை.

"டொக்டர் அடுத்த தரம் மருந்தக் கூட்டிப் பாப்பம் எண்டவர்," என்றாள். "எனக்குப் பயமாக் கிடக்கு."

"கிளினிக்குக்கு எந்த நாள் போறாய்?"

"வாற புதன்."

"நானும் வாறன். பெரியாஸ்பத்திரிச் சந்தியில நில்லு."

நிலாந்தினி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "வெயில் ஏறுது, உள்ளுக்கு வாங்க டீச்சர்," என்று முன்னால் நடந்தாள்.